ஒரு எண், பல பொருள்: புற்றுநோய் உயிர்வேதியியல் குறித்து வாசகர் கேள்வி – பதில்

புற்றுநோயை முன்கூட்டியே அறிவதிலும் அதற்கு மருந்து காண்பதிலும் உயிர்வேதியியல் ஆய்வு எதுவரை வந்திருக்கிறது என்று கேட்டு வந்த கடிதங்களுக்கு இந்த இதழின் பதில் பகுதி முழுவதையும் ஒதுக்கியிருக்கிறோம். மருத்துவ அறிக்கைகளின் படிகளை அனுப்பியிருக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை: இங்கே தர முடிவது விளக்கம் மட்டுமே. சிகிச்சை பற்றிய முடிவை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவரிடமே கேட்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது 38. உடலில் எந்தத் தொந்தரவும் இல்லை. முழு உடல் பரிசோதனையில் சேர்ந்திருந்த சிஏ-125 அளவு 58 என்று வந்திருக்கிறது. 35-க்குள் இருக்க வேண்டுமாம். இது சினைப்பைப் புற்றுநோய் என்றுதானே பொருள்? – வாசகி ஒருவர்

பதில்: இல்லை, அந்த ஒரு எண்ணை மட்டும் வைத்து அப்படிப் பொருள் கொள்ளக் கூடாது. சிஏ-125 என்பது புற்றுநோய் உண்டாக்கும் பொருளோ, புற்றுநோய்க்கு மட்டுமே உரிய பொருளோ அன்று. வயிற்றறையின் உட்பக்கத்தைப் போர்த்தியிருக்கும் சவ்விலும், நுரையீரலைச் சுற்றியுள்ள உறையிலும், கருப்பையின் உட்படலத்திலும் இயல்பாகவே காணப்படும் ஒரு பெரிய சர்க்கரைப்புரதம் அது. அந்தப் படலங்களில் எங்கே உறுத்தலோ அழற்சியோ ஏற்பட்டாலும் அது இரத்தத்தில் கூடும். மாதவிலக்கு நாட்கள், கர்ப்பத்தின் தொடக்கம், எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பை உட்படலம் வெளியே வளர்வது), கருப்பை நார்க்கட்டி, கல்லீரல் சுருக்கம், வயிற்றுக் காசநோய், இதயச் செயலிழப்பு ஆகிய அனைத்திலும் அது 35-ஐத் தாண்டுவது உண்டு.

இந்தப் புரதத்தைப் பற்றிக்கொள்ளும் எதிர்ப்பொருளை ராபர்ட் பாஸ்ட் குழுவினர் 1981-இல் வெளியிட்டார்கள். 35 என்ற எல்லை, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு ஒருவர் மட்டும் அதைத் தாண்டும்படி வகுக்கப்பட்டது. நூற்றில் ஒன்று என்பது சிறிய பிழையாகத் தோன்றும். கணக்குப் போட்டால்தான் அதன் அளவு தெரியும். மாதவிலக்கு நின்ற பெண்களில் ஏறத்தாழ 2,500 பேரில் ஒருவருக்குச் சினைப்பைப் புற்றுநோய் இருக்கும் என்று கொண்டால், 10,000 பேரைச் சோதிக்கும்போது நோய் உள்ளவர்கள் 4 பேர். நோயில்லாமலே எல்லையைத் தாண்டுபவர்கள் சுமார் 100 பேர். அந்த 4 பேரையும் சோதனை பிடித்துவிடும் என்பதற்கும் உறுதி இல்லை, ஏனெனில் முதல் நிலையில் இருக்கும் நோயாளிகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கே இந்த அளவு கூடுகிறது. உங்கள் வயதிலோ அந்த நோய் இன்னும் அரிது. அளவைக் கூட்டும் மற்ற காரணங்கள் இன்னும் மிகுதி.

பிரிட்டனில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வு ஒன்று, சிஏ-125 ஆண்டுதோறும் எப்படி ஏறுகிறது என்பதைக் கணித்து, தேவைப்பட்டபோது ஸ்கேனும் எடுத்துப் பார்த்தது. நோய் சற்று முன்னதாகவே கண்டுபிடிக்கப்பட்டது. ஆனால் சினைப்பைப் புற்றுநோயால் இறந்தவர்களின் எண்ணிக்கை குறையவில்லை என்று 2021-இல் வெளியான இறுதி முடிவு தெரிவித்தது.

மகப்பேறு மருத்துவர் ஒருவரைப் பாருங்கள். இரத்தம் எடுத்தது மாதவிலக்கின் எத்தனையாவது நாள் என்பதையும், குடும்பத்தில் மார்பகப் புற்றுநோயோ சினைப்பைப் புற்றுநோயோ யாருக்கேனும் இருந்ததா என்பதையும் தவறாமல் சொல்லுங்கள்; இரண்டாவது கேள்விக்கு ‘ஆம்’ என்பது விடையானால் அது தனியாக ஆராய வேண்டிய விஷயம். மறுசோதனை தேவை என்றால் அதே ஆய்வகத்திலேயே செய்துகொள்ளுங்கள், ஏனெனில் வெவ்வேறு நிறுவனங்களின் எதிர்ப்பொருள்கள் தரும் எண்களை ஒன்றோடொன்று ஒப்பிட முடியாது. அறிகுறி ஏதும் இல்லாதவர்களுக்கான பரிசோதனைத் தொகுப்பில் இதைச் சேர்ப்பதே தவறு என்பது என் கருத்து. இலவசமாகச் சேர்த்தாலும் வேண்டாம் என்று சொல்லிவிடலாம்.

கேள்வி: புற்றுநோயைக் காட்டும் வேதியியல் சோதனைகளில் மிகப் பழையது எது? – பள்ளி ஆசிரியர் ஒருவர்

பதில்: 1840-களில் லண்டனில், எலும்பு வலியால் அவதிப்பட்ட ஒருவரின் சிறுநீர் ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்ற மருத்துவரிடம் வந்து சேர்ந்தது. பொதுவாகப் புரதம் சூடேறும்போது திரிந்தால் திரிந்ததுதான். இந்தப் புரதமோ மிதமான சூட்டில் வெண்மையாகத் திரண்டு, கொதிக்கும்போது கரைந்து, ஆறியதும் மீண்டும் திரண்டது. அது எலும்பு மஜ்ஜைப் புற்றான மைலோமாவின் அடையாளம் என்பது பின்னர் தெளிவாயிற்று. அது எதிர்ப்பொருள் மூலக்கூறின் ‘இலேசான சங்கிலி’ என்பதை எடெல்மன், கேலி என்ற இரு ஆய்வாளர்கள் 1962-இல் காட்டினார்கள். அதே சங்கிலியைத்தான் இன்றும் மைலோமா நோயாளிகளின் இரத்தத்தில் அளந்து பார்க்கிறார்கள். கொதிக்க வைப்பதற்குப் பதிலாக எதிர்ப்பொருளைக் கொண்டு அளக்கிறார்கள்.

கேள்வி: கட்டியிலிருந்து சிதறும் டிஎன்ஏ இரத்தத்தில் மிதக்கிறது. பிசிஆர் முறையால் ஒரே ஒரு மூலக்கூறைக்கூடப் பெருக்கிக் காட்ட முடியும். அப்படியிருந்தும் மிகச் சிறிய கட்டியை ஏன் இரத்தத்தில் கண்டுபிடிக்க முடிவதில்லை? – முதுகலை மாணவர் ஒருவர்

பதில்: பிசிஆர் பெருக்குவது குழாய்க்குள் இருப்பதை மட்டுமே என்பதில்தான் விடை இருக்கிறது. இரத்தப் பிளாஸ்மாவில் நியூக்ளிக் அமிலம் உண்டு என்பதை மாண்டெல், மெட்டாய் என்ற இருவர் 1948-லேயே தெரிவித்தார்கள். அதில் பெரும்பகுதி, இயல்பாக மடியும் இரத்த அணுக்களிலிருந்து வருவது.

எண்களை எடுத்துக்கொண்டு பார்ப்போம். 10 மில்லிலிட்டர் இரத்தத்திலிருந்து 4 மில்லிலிட்டர் அளவுக்குப் பிளாஸ்மா கிடைக்கும். ஆரோக்கியமானவரின் பிளாஸ்மாவில் மில்லிலிட்டருக்கு 5 நானோகிராம் டிஎன்ஏ இருக்கிறது என்று கொண்டால், கையில் இருப்பது 20 நானோகிராம். மனித மரபணுத் தொகுதியின் ஒரு படி 3.3 பிகோகிராம் எடையுள்ளது. ஆகவே ஒரு நானோகிராமுக்கு ஏறத்தாழ 300 படிகள் வீதம் மொத்தம் 6,000 படிகள். தொடக்க நிலைக் கட்டியின் பங்கு பத்தாயிரத்தில் ஒன்று என்றால், நீங்கள் தேடும் குறிப்பிட்ட ஒரு மரபணுப் பிறழ்வு அந்தக் குழாயில் சராசரியாக 0.6 படிதான் இருக்கும். அதாவது, இப்படி எடுக்கும் குழாய்களில் பாதிக்கும் மேற்பட்டவற்றில் அந்தப் பிறழ்வு ஒருமுறைகூட இராது. குழாயில் இல்லாத மூலக்கூறை எவ்வளவு நுட்பமான கருவியாலும் காட்ட முடியாது.

இந்தத் தடையைத் தாண்ட ஆய்வாளர்கள் கண்ட வழி, ஓரிடத்தில் தேடாமல் ஆயிரக்கணக்கான இடங்களில் தேடுவது. டிஎன்ஏவின் சைட்டோசின் மீது மெத்தில் தொகுதி எங்கெங்கே ஒட்டியிருக்கிறது என்ற அமைப்பு ஒவ்வொரு திசுவுக்கும் தனித்தனியானது. புற்றணுவில் அது பல இடங்களில் ஒருசேரக் குலைகிறது. அந்தக் குலைவைப் படித்தால், புற்று இருக்கிறதா என்பதோடு எந்த உறுப்பிலிருந்து வந்திருக்கலாம் என்பதையும் ஊகிக்க முடிகிறது. துண்டின் நீளமும் பயன்படுகிறது. டிஎன்ஏ நியூக்ளியோசோம் என்ற புரத உருண்டைகளைச் சுற்றியிருக்க, அவற்றுக்கு இடையே வெட்டுப்படுவதால் பெரும்பாலான துண்டுகள் 166 கார இணைகளை ஒட்டிய நீளத்தில் இருக்கும். கட்டியிலிருந்து வருபவை அதைவிடச் சற்றுக் குட்டையாக இருப்பதுண்டு.

வகுப்பில் யாரும் சொல்லாத ஒன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். இத்தகைய சோதனை பெரும்பாலும் கெட்டுப்போவது வரிசைப்படுத்தும் கருவியில் அன்று, மேசை மேல் காத்திருக்கும் குழாயில்தான். இரத்தம் உறையாமல் காக்கும் சாதாரண இடிடிஏ குழாயில் எடுத்த இரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரிக்காவிட்டால் வெள்ளணுக்கள் உடைந்து தம் டிஎன்ஏவைக் கொட்டிவிடும். குளத்தில் விழுந்த ஒரு சொட்டு மையைத் தேடுபவர் அதே குளத்தில் மேலும் தண்ணீரை ஊற்றியதற்கு ஒப்பாகிவிடும் அது. முதலில் மெதுவாகச் சுழற்றி, பிளாஸ்மாவை உறிஞ்சும்போது வெள்ளணுப் படலத்தைப் பிப்பெட் முனை தொட்டுவிடாதபடி மேலே கொஞ்சம் விட்டுவிட்டு, எடுத்ததை மீண்டும் வேகமாகச் சுழற்றுவது வழக்கம். பிளாஸ்மாவை மிச்சமில்லாமல் வழித்தெடுக்க ஆசைப்படும் கை இந்த வேலைக்கு ஆகாது.

இன்னொரு சிக்கல், வயதாகும்போது இரத்த மூலச்செல்களிலேயே சில பிறழ்வுகள் சேர்ந்து பெருகுவது. அவை புற்றுநோயின் பிறழ்வுகளை ஒத்திருக்கும் என்பதால், அதே நபரின் வெள்ளணுக்களையும் தனியாக வரிசைப்படுத்திக் கழித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கேள்வி: ஒரே இரத்தச் சோதனையில் ஐம்பதுக்கும் மேற்பட்ட புற்றுநோய்களைக் கண்டறியலாம் என்ற செய்தியை நம்பலாமா? – வாசகர்கள் பலர்

பதில்: சோதனை உண்மை; செய்தித் தலைப்பில்தான் மிகை. மெத்தில் அமைப்பைப் படிக்கும் கேலரி என்ற சோதனையைப் பற்றி 2021-இல் வெளியான ஆய்வில், நான்காம் நிலைப் புற்றுநோய்களில் 90 விழுக்காடு பிடிபட்டன. முதல் நிலையில் பிடிபட்டவை சுமார் 17 விழுக்காடு மட்டுமே. எங்கே முன்கூட்டி அறிவது மிகவும் தேவையோ அங்கேதான் அது மிகவும் தடுமாறுகிறது. நோயில்லாதவர்களை நோயில்லை என்று சொல்வதில் அதன் துல்லியம் 99.5 விழுக்காடு, இது பாராட்டத் தக்கது. இங்கிலாந்தில் 1,40,000 பேரைச் சேர்த்து 2021-இல் ஒரு பெரிய ஆய்வு தொடங்கப்பட்டதும், கண்டுபிடிப்பது மட்டும் போதாது, முற்றிய நிலை நோய் குறைகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். இந்தச் சோதனையில் ‘புற்று இல்லை’ என்று விடை வந்துவிட்டது என்பதற்காக, ஏற்கெனவே பயன் உறுதியான சோதனைகளை விட்டுவிடுவது பெரும் தவறாகும்.

கேள்வி: என் தந்தைக்கு பெட் ஸ்கேன் எடுத்தபோது, புற்றணுக்கள் சர்க்கரையைத் தின்பதால்தான் படத்தில் ஒளிர்கின்றன என்று விளக்கினார்கள். அப்படியானால் சர்க்கரையையும் மாவுச்சத்தையும் அடியோடு நிறுத்தினால் புற்று பட்டினி கிடந்து சாகாதா? – வாசகர் ஒருவர்

பதில்: முதல் பாதி சரி. ஆக்சிஜன் தாராளமாக இருக்கும்போதும் புற்றணு குளுக்கோஸை அரைகுறையாக எரித்து லாக்டிக் அமிலமாக வெளியேற்றுகிறது என்பதை ஓட்டோ வார்பர்க் 1920-களில் கண்டார். ஸ்கேனுக்கு முன் செலுத்தப்படுவது, குளுக்கோஸின் இரண்டாவது கார்பனில் இருக்கும் ஆக்சிஜன் தொகுதிக்குப் பதிலாகக் கதிரியக்க ஃபுளோரின்-18 பொருத்தப்பட்ட மூலக்கூறு. செல்லுக்குள் நுழைந்ததும் ஹெக்ஸோகைனேஸ் நொதி அதன் மேல் பாஸ்பேட்டை ஏற்றிவிடும். அடுத்த நொதிக்கு வேண்டிய ஆக்சிஜன் அந்த இடத்தில் இல்லாததால் மூலக்கூறு மேலே நகர முடியாமலும், பாஸ்பேட் ஏறிவிட்டதால் வெளியேற முடியாமலும் உள்ளேயே சிக்கிக்கொள்கிறது. மூளையும் காசநோய் அழற்சியும்கூட இதே படத்தில் ஒளிரும் என்பதை மறக்க வேண்டாம்.

இரண்டாம் பாதி சரியன்று. நீங்கள் உண்ணாவிட்டாலும் கல்லீரல் இரத்தக் குளுக்கோஸைக் குறையவிடாது. தசைப் புரதத்தை உடைத்தாவது உண்டாக்கும். புற்றணு குளூட்டமின் என்ற அமினோ அமிலத்தையும் கொழுப்பையும் எரிக்கத் தெரிந்தது. பட்டினியில் முதலில் மெலிவது உங்கள் தந்தைதான். எடை குறைந்தவர்கள் கீமோதெரபியைத் தாங்குவது கடினம். சர்க்கரை நோய் இருந்தால் அதற்குரிய கட்டுப்பாடு வேறு விஷயம்.

கேள்வி: எந்தப் புற்றுநோயையும் எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது என்பது சரிதானே? – செவிலியர் ஒருவர்

பதில்: பெரும்பாலும் சரி, எப்போதும் சரி என்று சொல்ல முடியாததற்கு ஜப்பானின் அனுபவமே சான்று. குழந்தைகளுக்கு வரும் நியூரோபிளாஸ்டோமா என்ற கட்டி, அட்ரினலின் வகைப் பொருள்களைச் சுரப்பதால் அவற்றின் சிதைவுப் பொருள்களான வனிலில்மாண்டலிக் அமிலமும் ஹோமோவனிலிக் அமிலமும் சிறுநீரில் கூடும். எளிய, வலியில்லாத, மலிவான சோதனை. 1980-களின் நடுப்பகுதியில் ஆறு மாதக் குழந்தைகளுக்கு நாடு முழுவதும் அதைச் செய்யத் தொடங்கினார்கள். கண்டுபிடிக்கப்பட்ட கட்டிகளின் எண்ணிக்கை உயர்ந்தது. ஆனால் அவற்றில் பல, விட்டிருந்தால் தாமாகவே சுருங்கி மறையக்கூடியவை. உயிரைக் குடிக்கும் வகையோ பெரும்பாலும் அந்த வயதுக்குப் பின்னரே தலைகாட்டுவது. கனடாவின் கியூபெக்கிலும் ஜெர்மனியிலும் நடந்த ஆய்வுகள், இத்திட்டத்தால் இறப்பு குறையவில்லை என்று 2002-இல் காட்டின. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ஜப்பான் திட்டத்தை நிறுத்திவிட்டது. தேவையே இல்லாமல் அறுவையும் மருந்தும் பெற்ற குழந்தைகளின் கணக்கை எந்தச் சோதனைக் கட்டணத்திலும் சேர்ப்பதில்லை.

இதற்கு நேர்மாறானவையும் உண்டு. கருப்பை வாயில் எச்பிவி வைரஸின் டிஎன்ஏவைத் தேடுவது, புற்று உருவாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஆபத்தைக் காட்டிவிடுகிறது. அந்த வைரஸின் இ6, இ7 என்ற இரு புரதங்கள் செல்லின் காவல் புரதங்களை முடக்குவதுதான் அந்தப் புற்றின் தொடக்கம். மலத்தில் மறைந்திருக்கும் இரத்தத்தைத் தேடும் ஃபிட் சோதனையும் அத்தகையது. அது மனித குளோபினை மட்டும் பற்றும் எதிர்ப்பொருளைப் பயன்படுத்துவதால் உண்ட இறைச்சியால் ஏமாறாது. இரைப்பையில் கசியும் இரத்தத்தின் குளோபின் வழியிலேயே செரித்துவிடுவதால், சோதனையில் தெரிவது பெரும்பாலும் பெருங்குடலின் கசிவுதான். புற்றாக மாறக்கூடிய பெரிய பாலிப்புகளில் (குடல் சுவரின் சதை வளர்ச்சிகளில்) ஒரு பகுதியும் இதில் அகப்படும்.

கேள்வி: சிஏ-125 போல இரத்தத்தில் அளக்கும் புற்றுநோய்ச் சுட்டிப்பொருள்களை நம்பக் கூடாது என்கிறார்கள். ஆனால் பெருங்குடல் அறுவை செய்துகொண்ட எனக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை சிஇஏ என்ற சுட்டிப்பொருளைப் பார்க்கச் சொல்கிறார்கள். இது முரண் இல்லையா? – ஓய்வுபெற்ற வாசகர்

பதில்: முரண் இல்லை, கேட்கப்படும் கேள்வி வேறு. நலமாக இருக்கும் ஆயிரம் பேரிடம் ‘யாருக்குப் புற்று?’ என்று கேட்டால் சிஇஏ உளறும். புகைபிடிப்பவருக்கே அது கூடும். உங்களிடம் அது கேட்பது, ‘அறுவைக்குப் பின் இறங்கிய அளவு மீண்டும் ஏறுகிறதா?’ என்பதை. உங்களுக்கு நீங்களே ஒப்பீடு. விந்தகப் புற்றில் இது இன்னும் கூர்மையானது: கட்டி சுரக்கும் எச்சிஜி என்ற ஹார்மோன் ஏறத்தாழ ஒன்றரை நாளுக்குள்ளும், ஏஎஃப்பி என்ற புரதம் ஒரு வாரத்துக்குள்ளும் பாதியாக வேண்டும். அந்த வேகத்தில் இறங்காவிட்டால் ஸ்கேனில் எதுவும் தெரியாவிட்டாலும் நோய் எங்கோ மிஞ்சியிருக்கிறது என்று கொள்கிறார்கள்.

இதை முதலில் உணர்ந்தவர் மின் சியு லீ என்ற மருத்துவர். 1956-இல் அமெரிக்காவில் கோரியோகார்சினோமா என்ற நச்சுக்கொடித் திசுப் புற்று வந்தவர்களுக்கு அவர் மெத்தோட்ரெக்சேட் கொடுத்தார். எல்லப்ரகட சுப்பாராவ் தலைமை வகித்த லெடர்லே ஆய்வகத்தில் பிறந்த மருந்து அது. கட்டிகள் கண்ணுக்கு மறைந்த பின்னும் எச்சிஜி சிறிதளவு மிஞ்சியிருந்ததால் அது முற்றிலும் மறையும்வரை மருந்தை நிறுத்த அவர் மறுத்தார். வீணாக நச்சைக் கொடுக்கிறார் என்று பழித்து அவர் பணியாற்றிய நிறுவனம் அவரை வெளியேற்றியது. அவர் வழியில் மருந்து பெற்றவர்களுக்கு நோய் திரும்பவில்லை என்பது பிறகு தெரிந்தது. 1972-இல் லாஸ்கர் விருதில் அவருக்கும் பங்கு கிடைத்தது.

ஒரு சிறு எச்சரிக்கை: முடிக்கும் நகத்துக்கும் என்று விற்கும் அதிக அளவு பயோட்டின் மாத்திரை, சில ஆய்வகக் கருவிகளில் இத்தகைய சுட்டிப்பொருளைக் குறைத்துக் காட்டும். உட்கொள்வதாக இருந்தால் இரத்தம் கொடுக்கும் முன் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: இரத்தப் புற்றுநோய் உள்ள என் மகனுக்குப் பாக்டீரியாவிலிருந்து எடுத்த நொதியை ஊசியாகப் போடுகிறார்கள். நொதி எப்படிப் புற்றைக் கொல்லும்? – தாய் ஒருவர்

பதில்: கினிப் பன்றியின் சீரம் எலிகளின் லிம்ஃபோமாவைச் சுருக்குவதை ஜான் கிட் 1953-இல் தற்செயலாகக் கவனித்தார். அதில் இருந்த அஸ்பரஜினேஸ் என்ற நொதியே காரணம் என்பதைப் பின்னர் ஜான் புரூம் நிறுவினார். நம் செல்கள் பெரும்பாலும் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாமே தயாரித்துக்கொள்ளும். உங்கள் மகனுக்கு வந்திருக்கும் வகைப் புற்றணுக்களுக்கு அந்தத் திறன் மிகக் குறைவு. இரத்தத்திலிருந்து கிடைப்பதை நம்பியே வாழ்கின்றன. ஊசியில் செல்லும் நொதி இரத்தத்தில் உள்ள அஸ்பரஜினை உடைத்துத் தீர்த்துவிடுவதால் அவை புரதம் செய்ய வழியின்றி மடிகின்றன. அயல் புரதம் என்பதால் சில குழந்தைகளின் உடல், வெளியே ஒவ்வாமை எதுவும் தெரியாமலே அதைச் செயலிழக்கச் செய்துவிடும். அதனால்தான் இரத்தத்தில் நொதியின் செயல்பாட்டை இடையிடையே அளக்கிறார்கள். கடுமையான வயிற்றுவலி வந்தால் கணையம் பாதிக்கப்பட்டிருக்கலாம்; உடனே தெரிவியுங்கள்.

கேள்வி: நாள்பட்ட மைலாய்டு லுக்கீமியா என்ற இரத்தப் புற்றுக்குப் பல ஆண்டுகளாக இமாட்டினிப் சாப்பிடுகிறேன். பிசிஆர் முடிவு ‘கண்டறியப்படவில்லை’ என்று வருகிறது. மருந்தை நிறுத்திவிடலாமா? – வாசகர் ஒருவர்

பதில்: நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் மருத்துவரிடம் கேட்க வேண்டிய நியாயமான கேள்விதான். 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் இடம் மாறி ஒட்டுவதால் உண்டாகும் பிசிஆர்-ஏபிஎல் என்ற நொதி ஓயாமல் பிற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றுவதே உங்கள் நோய். (சோதனையின் பெயரும் மரபணுவின் பெயரும் தமிழில் ஒன்றுபோல் ஒலிப்பது தற்செயல்.) அந்த நொதியில் ஏடிபி என்ற ஆற்றல் மூலக்கூறு அமரும் குழியில் தான் அமர்ந்துகொண்டு அதை முடக்குவது இமாட்டினிப், 2001-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. நோயைக் கண்டுபிடிக்க உதவும் அதே மூலக்கூறுதான் இங்கே மருந்தின் இலக்கு, சிகிச்சையின் அளவுகோலும் அதுவே. ‘கண்டறியப்படவில்லை’ என்பது சோதனையின் எல்லைக்குக் கீழே போய்விட்டது என்று பொருள்படுமே தவிர, ஒன்றுகூட இல்லை என்று பொருள்படாது. பல ஆண்டுகள் தொடர்ந்து அந்த ஆழத்திலேயே இருந்தவர்கள் கண்காணிப்போடு மருந்தை நிறுத்திப் பார்த்த ஆய்வுகளில், ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்பவில்லை. திரும்பியவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஆறு மாதங்களிலேயே அது தெரிந்தது, மருந்தை மீண்டும் தொடங்கியதும் அநேகமாக எல்லோருக்கும் அடங்கியது. ஆகவே உங்கள் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை மூன்று: எத்தனை ஆண்டுகளாக இந்த ஆழம் நீடிக்கிறது, நிறுத்தினால் முதல் ஓராண்டுக்கு மாதந்தோறும் நம்பகமான பிசிஆர் செய்ய வசதி உண்டா, அளவு ஏறினால் அதே வாரத்தில் மருந்தைத் தொடங்க முடியுமா. இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் உறுதியான விடை கிடைக்கும்வரை மாத்திரையைத் தொடருங்கள்.